நாற்பத்தொன்றாம் படத்துக்கும் நாற்பத்திரண்டாம் படத்துக்கும் இடையில்

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. என் குறிப்பேட்டில் உள்ளபடி:

மாலை 5.50. ஆனைக்குட்டம் அணைக்கரை. மதகுக்குச் சற்று வடக்கே முக்காலியை நிறுத்தினேன். கேமரா மேற்கு நோக்கி இருந்தது. படச்சட்டத்தின் வலது கீழ் ஓரத்தில், மூன்று கிலோமீட்டர் தொலைவில், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டாசு ஆலையின் வேப்பமர வரிசை.

6.12. மேற்கு மலைகளுக்கு மேலே முதல் மின்னல். இடியோசை கேட்கவில்லை. காற்று இல்லை. மழை இல்லை.

6.20. முதல் படம். எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் பதினைந்து வினாடி.

6.20 முதல் 6.40 வரை நாற்பது படங்கள். மூன்றில் மின்னல் பதிந்துள்ளது. மூன்றும் மலைகளுக்கு மேலே.

6.40.00. நாற்பத்தொன்றாம் படம் தொடங்கியது. 6.40.15இல் முடிந்தது. ஆலைக்கு மேலே வானம் வெறுமையாக உள்ளது.

6.40.30. நாற்பத்திரண்டாம் படம் தொடங்கியது. ஆலைக்கு மேலே புகைத் தூண்.

இரண்டுக்கும் இடையே வெடியோசை கேட்டது.

6.43. தம்பியின் கைபேசிக்கு அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது. ஆலைக்குள் போகும் எவரும் கைபேசியை வாயிலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

7.05. ஆலை வாயில்.

இறந்தவர்கள் நால்வர். மூவர் கலவை அறைத் தொழிலாளர்கள். நான்காமவர் போர்மேன் முருகேசன், வயது ஐம்பத்து நான்கு. என் தம்பி.

*

எங்கள் புகைப்படக் கழகத்தின் ஆண்டு மலருக்காக, மின்னலைப் படம்பிடிக்கும் முறைபற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கழகச் செயலர் சென்ற மாதம் கேட்டார். முப்பது வயதைத் தாண்டாதவர். விருதுநகரில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். மரியாதை தெரிந்தவர். கட்டுரையைக் கேட்டு முடித்தபின் இன்னொன்றையும் கேட்டார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த நாப்பத்திரெண்டாவது ஃபிரேம் இருக்குல்ல. பொகைக்கு அடியில செவப்பு, மேல நீலம், தண்ணியில அது அப்படியே விழுந்திருக்கு. லைட்டு அம்புட்டு அமைஞ்சிருக்கு சார். கண்காட்சியில வச்சா ஒரு மரியாதையா இருக்கும். முருகேசண்ணனுக்கும்தான்."

"எந்தப் பிரிவில் வைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டேன்.

"நம்மகிட்ட இருக்கது ரெண்டு செக்‌ஷன்தான் சார். திருவிழா, இயற்கை. இது இயற்கையிலதான் வரும்."

கட்டுரை தருகிறேன் என்றும் படம் தர இயலாது என்றும் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் தம்பியின் சாவை இயற்கை என்ற பிரிவில் சேர்த்த முதல் மனிதர் அவர் அல்லர். அவருக்கு முன்பே அதைச் செய்தவர்கள் அதிகாரமும் முத்திரையும் உடையவர்கள். அவர்களுக்கும் முன்பே, வேறு இருவரின் சாவை அதே பிரிவில் சேர்த்தவன் நான். ஆகவே கட்டுரை கேட்டவர்கள் முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டும்.

*

மதுரையில் வேதியியலில் முதுகலை முடித்து, ஓராண்டு கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துவிட்டு, சிவகாசிப் பக்கத்து ஆலையொன்றில் தரச் சோதனை வேதியியலாளராகச் சேர்ந்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலவை அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றி, உடம்பின் நிலைமின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. ஓர் அறையில் எத்தனை பேர் என்பது கதவின் மேல் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையை மீறக் கூடாது. அன்றைய கலவை அன்றே தீர வேண்டும். மிச்சம் வைத்தால் அது இரவெல்லாம் ஈரத்தைக் குடித்துத் தனக்குள் சூடேறும். பொழுது சாய்ந்தபின் கலவை அறையில் எவரும் இருக்கக் கூடாது. அங்கே விளக்கே கிடையாது, வைக்கவும் கூடாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. எல்லோருக்கும் தெரிந்தவை எப்போது மீறப்படும் என்பதைக் கற்றுக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. சீசன் வந்தால் மீறப்படும்.

ஆலை மேலாளரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் ஒரு பென்சில். பேனாவை அவர் கையில் எவரும் பார்த்ததில்லை. அறிக்கை, பதிவேடு, கடிதம் எதுவானாலும் பென்சிலால் மெல்லிய கோடாக எழுதுவார். பிறகு உரியவரைக் கூப்பிட்டு, "தம்பி, இத மையில எழுதிருங்க" என்பார். நாங்கள் அந்த வரிகளின் மேலேயே மையால் எழுதி, காய்ந்தபின் ரப்பரால் பென்சில் தடத்தை அழித்து, கீழே கையெழுத்திட்டுக் கொண்டுபோய் வைப்போம். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எங்காவது பென்சில் கோடு தெரிந்தால் தாளைத் திருப்பித் தருவார். கோபிக்க மாட்டார். "இன்னும் கொஞ்சம் அழிங்க" என்பதோடு சரி. இவ்வாறு பல ஆண்டுகளின் பதிவேடுகளில் அவர் சொன்னவை அனைத்தும் எங்கள் கையெழுத்தில் இருந்தன. அவருடைய எழுத்து ஒன்றுகூட இல்லை.

நான் பாதுகாப்பு அலுவலராக உயர்த்தப்பட்ட இரண்டாம் ஆண்டில், ஒரு சித்திரை மாதத்து நண்பகலில், ஒன்பதாம் கலவை அறை வெடித்தது. ஒரு கணவனும் மனைவியும் இறந்தார்கள். முந்தின நாள் கலவையில் ஒரு தட்டு மிச்சம் இருந்தது. அவசர ஆர்டர் என்று அதைக் காலையில் புதுக் கலவையோடு சேர்த்தார்கள். இதை மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மாதிரி எடுத்துச் சோதித்தும் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை.

மாலையில் பெரிய சார் கூப்பிட்டார். விபத்துப் பதிவேடு மேசையில் திறந்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரே சொல். மின்னல்.

"சார், இன்னைக்கு வெயில்" என்றேன்.

"தெரியும் தம்பி. நானும் இங்கனதான இருந்தேன்."

"மேகமே இல்ல சார். யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெயில் அடிக்கையிலயும் எங்கனயாவது இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். மேலூருக்கு அங்கிட்டு இடிச்சிருக்கும். நீங்க போய்ப் பாத்தீகளா? நானும் பாக்கல. மிச்சக் கலவைன்னு எழுதுனா நாளைக்குக் கேட்டுல பூட்டு. எண்ணூறு பேரு வீட்டுல அடுப்பு எரியாது. மின்னல்னு எழுதுனா யாருக்கும் ஒண்ணுமில்ல. செத்தவுகளுக்கும் கெட்ட பேரு இல்ல. மையில எழுதிருங்க தம்பி."

எழுதினேன். பென்சில் தடத்தை நன்றாகவே அழித்தேன். தாள் திரும்பி வரவில்லை.

அந்தப் படிவத்தில் காரணத்துக்கு அடுத்து இன்னொரு கட்டம் உண்டு: இனி நிகழாதிருக்க எடுத்த நடவடிக்கை. மின்னல் என்று எழுதியபின் இந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. பெரிய சார் அதை என்னிடமே விட்டுவிட்டார், பென்சிலால்கூட எழுதவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக ஆலையின் பாதுகாப்பு விதிகளில் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தேன். சொற்களைப் பார்த்துப் பார்த்து அமைத்தேன். அது இது: "இடியோசை கேட்ட, அல்லது மின்னல் கண்ட மாத்திரத்தில், பொறுப்பிலுள்ள போர்மேன் தாமதமின்றி அபாயச் சங்கு ஒலித்து, எல்லா அறைகளிலிருந்தும் தொழிலாளர்களை வெளியேற்ற வேண்டும். இதற்கு அவரே முழுப் பொறுப்பு." பொறுப்பு ஒருவரிடம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அப்போது என் எண்ணம். போர்மேன் அந்த ஒருவராக எளிதில் அமைந்தார். மேலாளரையோ உரிமையாளரையோ எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விதி நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் பலகையில் எழுதி வாயிலில் மாட்டினார்கள். அக்கம்பக்கத்து ஆலைகள் பிரதி வாங்கிக்கொண்டு போயின. பொய்க்குப் பொருத்தமாக எழுதப்பட்ட விதி என்பதை நானே சில ஆண்டுகளில் மறந்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

*

தம்பி பத்தாம் வகுப்போடு நின்றவன். அவனை ஆலையில் சேர்த்துவிட்டது நான். பொடி சலிப்பதில் தொடங்கி இருபது ஆண்டுகளில் போர்மேன் ஆனான். ஆலைக்குள் என்னைச் சார் என்பான். வாயிலுக்கு வெளியே வந்ததும் அண்ணே என்பான்.

நான் கேமரா வாங்கியபின் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் விடியுமுன் ஆனைக்குட்டம் போவோம். நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் நிற்கும். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் வரும். லென்ஸ் ஆடாமல் இருக்க, விருதுநகர்ச் சந்தையில் உளுந்து வாங்கித் துணிப்பையில் தைத்து எனக்குத் தலையணைபோல ஒன்று செய்து தந்தவன் அவன். நான் ஒவ்வொரு வாரமும் ஏதாவது சோதித்துக்கொண்டிருப்பேன். ஷட்டரை முப்பதில் ஒரு வினாடிக்குக் குறைத்து, பறக்கும் கொக்கோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பினால் இறக்கை கரைந்து கண் மட்டும் கூர்மையாக நிற்கும். நூறு எடுத்தால் ஒன்று வாய்க்கும்.

"ஏண்ணே," என்பான், "இந்தக் கொக்கு எல்லா ஞாயித்துக்கெழமையும் இதே மூஞ்சியோடதான் நிக்கிது. ரேஷன் கார்டுக்கா எடுக்க, எம்புட்டுப் படம்?"

பதினோராவது விதியையும் அவன் விட்டுவைத்ததில்லை. "இடி இடிச்ச ஒடன போர்மேன் சங்கு ஊதணும்னு எழுதிவச்சிருக்க. சரி. நான் கக்கூசுல இருக்கையில இடிச்சா? அதுக்கு ஒரு பன்னெண்டாவது விதி போடுண்ணே." ஆனால் ஆலையில் அந்த விதியை அவன்போல் கடைப்பிடித்த போர்மேன் இல்லை. மலைப்பக்கம் முனகினால்கூடச் சங்கை ஊதிவிடுவான். உற்பத்தி கெடுகிறது என்று அவன்மேல் புகார் வந்ததுண்டு. அந்தப் புகார்களை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் என் நாட்டம் பறவைகளிலிருந்து மின்னலுக்குத் திரும்பியது. மின்னலைக் கண்டபின் ஷட்டரை அழுத்துவது வீண். அந்தி வெளிச்சம் குறைந்ததும் ஷட்டரைப் பத்து, பதினைந்து வினாடி திறந்து வைத்து, படம் மேல் படமாக இடைவிடாமல் எடுத்துக்கொண்டே போக வேண்டும். மின்னல் தானாக வந்து பதியும். விசையைப் பூட்டிவிட்டால் கேமரா தானே எடுக்கும்.

இனி, செயலர் கேட்ட நுட்பக் குறிப்பு. இதைக் கவனமாகப் படியுங்கள். நீண்ட நேரம் திறந்திருந்தால் கேமராவின் உணரி சூடேறி, படத்தில் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் விழும். அதைத் தடுக்கக் கேமராவில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: நீள் நேர இரைச்சல் நீக்கம். அதை இயக்கினால், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் இருட்டைப் படமெடுத்து, அந்தப் பொட்டுகளைக் கழித்துவிடும். பதினைந்து வினாடி திறந்திருந்தால் அடுத்த பதினைந்து வினாடி கேமராவுக்குக் கண் இல்லை. மின்னல் எடுப்பவன் இந்த வசதியை அணைத்து வைக்க வேண்டும். கடைசியில் மூடியைப் போட்டு ஓர் இருட்டுப் படம் எடுத்துக்கொண்டு, கழித்தலை வீட்டில் கணினியில் செய்துகொள்ளலாம். எனக்கு இது தெரியும். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் விபத்துக்கு முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் ஒரு நடுவர் என் படத்தின் மூலையில் நான்கு பொட்டுகளைச் சுட்டிக்காட்டியிருந்தார். அந்த நான்கு பொட்டுகள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. அன்று மாலை அந்த வசதியை இயக்கி வைத்தேன். படம் சுத்தமாக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

*

முதல் தகவல் அறிக்கையில் போர்மேனின் கவனக்குறைவு என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. பத்து நாளில் நிர்வாகம் தன் விளக்கத்தைக் கொடுத்தது. அதன்படி, வேலை ஐந்தரைக்கே முடிந்துவிட்டது. ஆட்கள் கிளம்பும் நேரம். கலவை அறையில் மின்னல் தாக்கியது. நிர்வாகத்தின் ஆள் ஒருவர் என் தம்பி மனைவி செண்பகத்தின் வீட்டுக்கு வந்து, மின்னல் என்று முடிந்துவிட்டால் முருகேசன் பேரில் எந்தப் பழியும் இருக்காது என்று சொல்லிப் போயிருந்தார். பெரிய சார் காலமாகி வெகுநாள் ஆகிறது. ஆனாலும் அந்தப் பென்சில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

நாற்பத்திரண்டு படங்களையும் விசாரணையில் ஒப்படைக்கப் போவதாகச் செண்பகத்திடம் சொன்னேன். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"குடுக்காதீக அத்தான்" என்றாள்.

"மின்னல் விழவில்லை, செண்பகம். நான் அங்கே நின்றேன்."

"விழுந்துச்சோ விழலையோ. மின்னல் இல்லைன்னா அடுத்து யாரச் சொல்லுவாக? மொதலாளியவா சொல்லுவாக? இருட்டுன பெறவும் ஆள நிறுத்தி வச்சது யாருன்னு கேப்பாகளா? போர்மேன்னுதான் சொல்லுவாக. செத்தவுக வந்து இல்லைன்னு சொல்லப் போறாகளா?"

"உண்மை என்று ஒன்று இருக்கிறது."

"உங்களுக்கு இருக்கு. நீங்க படிச்சவுக. எனக்கு அவுக பேருதான் இருக்கு. அது மின்னலோட போனாப் போகட்டும், விடுங்க."

நான் விடவில்லை. முன்பு ஒருமுறை விட்டவன் என்பதால் இம்முறை விடக் கூடாது என்று நினைத்தேன். அவளிடம் அந்த முன்பொருமுறையைப் பற்றி நான் சொல்லவில்லை.

*

விசாரணை விருதுநகரில், ஓர் அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. விசாரணை அலுவலர் நடுவயதினர், நிதானமானவர். எதிரே நிர்வாகத்தின் வழக்கறிஞர். நான் படங்களை வரிசையாக அடுக்கி, நேரக் குறிப்போடு விளக்கினேன். மலைகளுக்கு மேலே மட்டுமே மின்னல். ஆலையை நோக்கி மேகம் நகரவில்லை. இருபது நிமிடமும் இடியோசை இல்லை.

வழக்கறிஞர் எழுந்தார். "அண்ணாச்சி, நீங்க பெரிய படிப்பாளி. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. ஒவ்வொரு படமும் பதினஞ்சு செகண்டு. ஆனா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல முப்பது செகண்டு காட்டுது. மிச்சப் பதினஞ்சு செகண்டு கேமரா என்ன செஞ்சுது?"

விளக்கினேன்.

"அப்பக் கண்ண மூடிக்கிருச்சு."

"ஆம்."

"இருவது நிமிசத்துல பத்து நிமிசம் மூடித்தான் இருந்துச்சு."

"ஆம். ஆனால் ஓசை என்னை வந்தடைய ஏறத்தாழ ஒன்பது வினாடி ஆகும். ஓசை கேட்டபோது, இருட்டுப் படம் முடியும்வரை எரியும் கேமரா விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, பதினைந்தில் ஒன்பது போக, வெடிப்பு ஷட்டர் மூடியபின் முதல் ஆறு வினாடிக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். கேள்விக்குரியது அந்த ஆறு வினாடி மட்டுமே."

"மின்னல் விழ ஆறு செகண்டு வேணுமா அண்ணாச்சி?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் கையைக் காட்டி அடக்கினார். பிறகு அவரே கேட்டார்: "சார், கேமராவ விடுங்க. அந்த ஆறு செகண்டு நீங்க உங்க கண்ணால ஆலைப்பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

நான் கேமராவின் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விளக்கு எப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். ஆம் என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆள் இல்லை. அணைக்கரையில் என்னைத் தவிர எவருமில்லை. முன்பு ஒரு சொல்லை மையால் எழுத என்னால் முடிந்தது. இப்போது ஒரு சொல்லை வாயால் சொல்ல வேண்டியதுதான்.

"இல்லை" என்றேன்.

அதன்பின் நான் செய்ததுதான் என் வாழ்நாளின் பெரிய பிழை. தோற்கிறோம் என்ற கோபத்தில், தருக்கத்தால் அவர்களை மடக்கப் பார்த்தேன். "ஒரு பேச்சுக்கு மின்னல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "அப்படியானால் சங்கு ஏன் ஒலிக்கவில்லை? ஆலையில் அதற்கு விதி இருக்கிறது. மின்னல் கண்ட மாத்திரத்தில் ஆட்கள் வெளியேறியிருக்க வேண்டும். சங்கு ஒலிக்கவில்லை என்பதே அங்கே மின்னல் இல்லை என்பதற்குச் சான்று."

வழக்கறிஞர் உட்காரவில்லை. தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அலுவலரிடம் நீட்டினார். மஞ்சள் பலகையின் மூலப் படி. அலுவலர் மெதுவாகப் படித்தார். பொறுப்பிலுள்ள போர்மேன். தாமதமின்றி. அவரே முழுப் பொறுப்பு. படித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கீழ இருக்கது உங்க கையெழுத்துதான சார்?"

"ஆம்."

"மேல மலையில மின்னல் அடிச்சுதுன்னு நீங்களே படத்துல காட்டுறீங்க. மின்னல் கண்ட மாத்திரத்திலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எத்தனை தூரத்துலன்னு எழுதலையே."

உண்மைதான். எழுதவில்லை. இல்லாத மின்னலுக்காக எழுதிய விதியில் தூரம் எப்படி இருக்கும்?

அறிக்கை பதினான்கு பக்கம். அதன் முடிவு இரண்டே வரி. மின்னல் தாக்கியிருக்கக்கூடும் என்பதை மறுக்கப் போதிய சான்று இல்லை. விதி பதினொன்றின்படி சங்கு ஒலித்துத் தொழிலாளர்களை வெளியேற்றத் தவறியது பொறுப்புப் போர்மேனின் கடமை தவறல். இரண்டு வரியும் நான் கொடுத்தவை. நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் மின்னல் மட்டும் மிஞ்சியிருக்கும். விளக்கில்லாத கலவை அறையில் மாலை 6.40க்கு ஆட்கள் ஏன் இருந்தார்கள், யார் இருக்கச் சொன்னார்கள் என்பதற்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. நானும் அங்கே அதைக் கேட்கவில்லை. என் படங்களிலேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு கேள்விக்குக் கேமரா தேவையில்லை. ஒரு கைக்கடிகாரம் போதும்.

செய்தித்தாளில் சிறு பெட்டிச் செய்தி வந்தது. மறுநாள் காலை போனேன். செண்பகம் கதவருகிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"சங்கு ஊதலையாம்" என்றாள். "பேப்பர்ல போட்டுருக்கு. வளையல்கார அக்கா வந்து படிச்சுக் காட்டுது. ஆடு மேய்க்கவன் தூரத்துல சத்தம் போட்டாக்கூட இடின்னு சங்கு ஊதுற மனுசன், அவுக. எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பேப்பர்ல போட்டுருக்கு."

"செண்பகம்—"

"அந்தச் சட்டத்த எந்தப் புண்ணியவான் எழுதுனானோ" என்றாள். "நல்லா இருக்கட்டும். போயிட்டு வாங்க அத்தான்."

வந்துவிட்டேன்.

*

கழகத்தின் இளைஞர்களுக்கு: மின்னல் படம் அழகானது. எடுங்கள். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு எடுங்கள். பொட்டு விழுந்தால் விழட்டும். எந்த நடுவருக்காகவும் கேமராவின் கண்ணை மூடாதீர்கள். கேமரா தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதன் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், எதிரே பாருங்கள். இந்த வட்டாரத்தில் விபத்துக்குக் காரணம் மின்னல் என்று எங்காவது படித்தால், அன்றைய வானத்தை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அந்தச் சொல்லை மையால் எழுதியவனின் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், கண்காட்சி நாளன்று வாருங்கள். நான் இருப்பேன்.

இன்னும் செய்து முடிக்காதவை:

மறுவிசாரணை மனு. நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. ஒன்பதாம் கலவை அறைபற்றிய பக்கம் எழுதப்படவில்லை.

அந்த அறையில் இறந்த கணவன் மனைவிக்கு ஒரு மகள் உண்டு. அச்சங்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதாகக் கேள்வி. போகவில்லை.

பதினோராவது விதியைப் பிரதி எடுத்துக்கொண்டு போன ஆலைகளுக்கு, அதை நீக்கச் சொல்லிக் கடிதம். உறைகளில் முகவரி எழுதியாகிவிட்டது. உள்ளே வைக்க எதுவும் எழுதவில்லை.

செண்பகம். மலர் இரண்டு வாரத்தில் அச்சாகிவிடும் என்கிறார் செயலர். வளையல்கார அக்கா அதையும் படித்துக் காட்டக்கூடும். அதற்கு முன்னால், அந்தப் புண்ணியவான் யார் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும்.